ஆனியில் என்ன விலை?

கஞ்சமலை அடிவாரத்துப் பக்கம் இருக்கிற இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கு ஒரே நேரத்தில் மூன்று விலை இருக்கலாம். கடைக்கு நேரில் போய் உட்கார்ந்து, நாலு சேலையை விரிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு விலை. அதே கடையின் வாட்ஸாப் குழுவில், ‘குறைந்தது இத்தனை உருப்படி எடுக்கணும்’ என்ற நிபந்தனையோடு இன்னொரு விலை. அதே சேலை ஏதாவதொரு ஆன்லைன் கடையில் ஏறும்போது, மேலே கோடு போட்டு அடித்த பெரிய தொகை ஒன்று, கீழே சின்னத் தொகை ஒன்று, பக்கத்தில் ‘70% தள்ளுபடி’. மூன்றில் எது சேலையின் விலை?

இதற்குப் பதில் சொல்ல, இன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும் போதாது. போன மாசம் எவ்வளவு இருந்தது என்று தெரியணும். ப்ரைஸ் ட்ராக்கர் என்று நாம் போனில் வைத்துக்கொள்கிற கருவிகள் செய்வது இந்த ஒரு வேலையைத்தான். ஒரு பொருளின் பழைய விலைகளைத் தேதி வாரியாகக் குறித்துவைத்து, நாம் கேட்கும்போது ஒரு கோடாக வரைந்து காட்டுகின்றன. வேலை சின்னதுதான். ஆனால் பழைய விலை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் விற்பவர், வாங்குபவர் இருவரின் பலமும் பலவீனமும் காலங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அந்த வரலாற்றில் இந்தக் கருவி எங்கே வருகிறது என்று பார்த்தால், அதனால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், எங்கே அது கையை விரித்துவிடும் என்பது இரண்டும் புரியும்.

துண்டுக்கு அடியில்

நம்ம பக்கத்து மாட்டுச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள், எப்படி அழுத்துகிறார்கள் என்பதில் தொகை இருக்கிறது. சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த விலை அந்த இருவருக்கு மட்டும்தான். அடுத்து மாடு விற்க நிற்கிறவருக்கு, சற்று முன்னால் அதே மாதிரி மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாது. தரகருக்கு மட்டும் அன்றைய சந்தையின் விலைகள் மொத்தமும் தெரியும். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல்லை நம் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஜவுளிக் கடைகளிலும் இது உண்டு. பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை எடுத்து, எழுத்துக்கு ஒரு எண் என்று வைத்துக்கொள்வார்கள். சேலையில் ஒட்டிய சீட்டில் அந்த எழுத்துகளால் அடக்க விலை எழுதியிருக்கும். “கடைசியா சொல்லுங்கண்ணா, எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று நாம் கேட்கும்போது, கடைக்காரர் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, “உங்களுக்காகத்தான்க்கா இந்த விலை” என்பார். எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. பேரம் என்பது இரண்டு பேர் ஆடும் ஆட்டம்தான். அதில் ஒருவர் கையில் மட்டும் இரண்டு பக்கத்துச் சீட்டும் இருந்தன.

இதற்கு எதிரான இலட்சியமும் நம்மிடம் பழசாகவே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது அதிகமாக எடுப்பதில்லை, கொடுக்கும்போது குறைவாகக் கொடுப்பதில்லை என்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் லாபத்துக்கே வரம்பு கட்டுகிறது: உள்நாட்டுச் சரக்குக்கு 5%, வெளிநாட்டுச் சரக்குக்கு 10%. ஒன்று புலவர் பாராட்டு, இன்னொன்று அரசு விதி. இப்படிப் பாராட்டவும் விதிக்கவும் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

சீட்டில் எழுதிய விலை

எல்லாருக்கும் ஒரே விலை என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. கடை வரலாற்றில் அது ரொம்பப் புதுசு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கேட்கிற விலை ஒன்றும் கொடுக்கச் சம்மதிக்கிற விலை ஒன்றுமாக இருந்தால் அது பொய் சொல்வதுதான் என்று நினைத்தார்கள். அதனால் தங்கள் கடைகளில் ஒரே விலை சொன்னார்கள். பாரிஸில் 1852 முதல் அரிஸ்டீட் பூசிகோ நடத்திய பான் மார்ஷே கடையும், ஃபிலடெல்ஃபியாவில் 1861இல் ஜான் வனமேக்கர் தொடங்கிய கடையும் விலைச்சீட்டைப் பெரிய வியாபாரத்துக்குக் கொண்டுவந்தன. காரணம் அறம் மட்டுமில்லை. நூற்றுக்கணக்கான சிப்பந்திகள் வேலை செய்யும் கடையில் எல்லாரும் பேரத்தில் தேர்ந்தவர்களாக இருக்க முடியாது. சீட்டு இருந்தால், நேற்று சேர்ந்த பையனும் இன்றைக்கு விற்கலாம்.

இந்தியாவில் இந்தச் சீட்டு சட்டமாகவே வந்தது. 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் விலையை அச்சிடச் சொன்னாலும், ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அந்த ‘தனி’ எவ்வளவு என்பது கடைக்காரர் வாயில் இருந்தது. 1990இல் கொண்டுவந்த திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., கட்டாயமானது. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் “எம்.ஆர்.பி.க்கு மேல ஏன் கேக்கறீங்க?” என்று சண்டை போடும் தைரியம் நமக்கு அங்கிருந்து வந்ததுதான். 2018 ஜனவரி 1 முதல் ஆன்லைன் கடைகளும் அந்த விலையைப் பக்கத்தில் காட்டவேண்டும் என்றானது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எம்.ஆர்.பி. மேல்வரம்பு மட்டுமே. அந்த வரம்பைப் போடுகிறவர் உற்பத்தியாளரேதான். எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் போடலாம். பெட்டிக்கடையில் நம்மைக் காப்பாற்றிய அந்த எண், ஆன்லைன் பக்கத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. யாரும் எப்போதும் கொடுக்காத ஒரு தொகையாக மேலே நின்று, கோடு போட்டு அடிபட்டு, கீழே இருக்கும் விலையைச் சின்னதாகக் காட்டுகிறது. ‘70% தள்ளுபடி’ என்பது அந்தத் தொகையிலிருந்து எடுத்த கணக்கு. போன மாசத்து விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

ஆடியும் ஆனியும்

தள்ளுபடியை நமக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. முகூர்த்தம் இல்லாத மாசத்தில் ஜவுளிக் கடையில் கூட்டம் குறையும். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கைக் காலி பண்ணியாகணும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆடித் தள்ளுபடி. கூடவே ஒரு சந்தேகமும் பிறந்தது: ஆனியிலேயே விலையை ஏற்றிவைத்துவிட்டு ஆடியில் இறக்குகிறார்களோ?

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க வீட்டுக்கு ஒருத்தர் இருந்தார். பெரியம்மாவோ அத்தையோ கூடவே கடைக்கு வருவார். சேலையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். “இதே மாதிரிதான் சின்னவ கல்யாணத்துக்கு எடுத்தோம், அப்ப ஆயிரத்து இருநூறு” என்பார். அது எந்த வருஷம், எந்தக் கடை, அன்றைக்குப் பவுன் என்ன விலை என்பதுவரை வரும். சில வீடுகளில் மளிகைக் கணக்கு நோட்டும் உண்டு. கடைக்காரரின் சீட்டுக்கு எதிராக வாங்குபவர் பக்கம் இருந்த ஒரே ஆயுதம் இந்த ஞாபகம்தான். அது அநேகமாகப் பெண்களிடம் இருந்தது. அதை யாரும் ஒரு திறமையாக எண்ணியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தள்ளுபடியும் இருக்கிறது. 1935இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனம் கோ-ஆப்டெக்ஸ். தீபாவளி நேரத்து 30% சிறப்புத் தள்ளுபடி அங்கே வெளிப்படையாக அறிவிக்கப்படுவது. அதில் ஒரு பங்கை அரசு மானியமாகக் கொடுக்கிறது. குறைந்த பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று தெரிந்த தள்ளுபடி அது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், கடைசியில் தேவைப்படும்.

ஓடும் விலை

கடை இணையத்துக்குப் போனதும் பெரியம்மாவின் ஞாபகம் தோற்றது. காரணம், விலை ஒரு இடத்தில் நிற்பதை விட்டுவிட்டது. அச்சடித்த சீட்டை மாற்ற ஆள் வேண்டும். திரையில் இருக்கும் எண்ணை மாற்ற ஒரு நிரல் போதும், ஒரே நாளில் பல தடவை மாற்றலாம். ஆளுக்கு ஆளும் மாற்றலாம். 2000 செப்டம்பரில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு விலையில் காட்டியது. அவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஒரு சோதனைதான் என்று சொன்ன நிறுவனம், 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது. துண்டு மறுபடியும் கையின் மேல் விழுந்த கதைதான் இது. இந்தத் தடவை துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

வாங்குபவர் பக்கமும் முயற்சிகள் நடந்தன. 1995இல் ஆண்டர்சன் கன்சல்டிங் வெளியிட்ட பார்கெய்ன்ஃபைண்டர், ஒரே இசைத்தட்டை எந்த ஆன்லைன் கடை எவ்வளவுக்கு விற்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டியது. சில கடைகள் அது உள்ளே வரமுடியாதபடி கதவைச் சாத்தின. விலையை ஒப்பிடுவதே விற்பவருக்கு உறுத்தும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த அடி முக்கியமானது. 2003இல், வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினித்துறைப் பேராசிரியர் ஓரென் எட்சியோனி, தம்பி கல்யாணத்துக்குப் போக முன்கூட்டியே விமான டிக்கெட் எடுத்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் எடுத்து, அவரைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தார். எட்சியோனி செய்தது என்ன? 41 நாட்கள் ஒரு பயண இணையதளத்தின் விலைகளைச் சேகரித்தார். மொத்தம் 12,000 பதிவுகள். விலை ஏறுமா இறங்குமா என்று அதிலிருந்து கணிக்கும் நிரல் எழுதினார். அதுவே ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாகி, 2008இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. விமான நிறுவனம் ஏன் விலையை மாற்றுகிறது என்று அவர் ஆராயவே இல்லை. பழைய விலைகளை வரிசையாக வைத்தார், அவ்வளவுதான். பெரியம்மா செய்ததும் அதுதான்.

அதே 2008இல் அமேசான் விலைகளைப் பின்தொடரும் கேமல்கேமல்கேமல் வந்தது. பிறகு ஜெர்மனியிலிருந்து கீப்பா. நம் நாட்டில் பை-ஹாத்கே போன்றவை. இவை வேலை செய்யும் விதம் எளிது. ஆன்லைன் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாள எண் இருக்கிறது. அமேசானில் அது பத்து இலக்கம். கருவி அந்த எண்ணின் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அன்றைய விலையைத் தேதியோடு குறித்துக்கொள்கிறது.

இந்தியாவில் இதன் தேவையைப் பலருக்கும் உணர்த்திய நாள் 2014 அக்டோபர் 6. ஃப்ளிப்கார்ட்டின் முதல் பிக் பில்லியன் டே. இணையதளம் திணறியது, ஆர்டர்கள் ரத்தாயின, விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பரவியது. நிறுவனர்கள் இருவரும் மறுநாள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். விற்பனைக்குத் தயார்செய்யும்போது சில பொருட்களின் விலை சில மணி நேரம் தள்ளுபடி இல்லாத விலைக்கு மாறியிருந்ததை அதில் ஒப்புக்கொண்டார்கள். ஆனி–ஆடிச் சந்தேகம் கோடிக்கணக்கானவர்களின் திரைக்கு வந்த நாள் அது.

கோட்டைப் படிப்பது

கருவி காட்டும் கோட்டை எப்படிப் படிப்பது? முதலில் மிகக் குறைந்த விலையைத் தேடாதீர்கள். அது ஏதோ ஒரு நள்ளிரவில் பத்து நிமிஷம் இருந்த விலையாக இருக்கலாம். கோடு அதிக நாள் எந்த உயரத்தில் படுத்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் அந்தப் பொருளின் வழக்கமான விலை. தள்ளுபடியை அதிலிருந்துதான் கணக்குப் பண்ணணும். பெருவிற்பனைக்கு இரண்டு வாரம் முன்னால் கோடு திடீரென்று மேலே ஏறி, விற்பனை நாளில் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தால், அது ஆனியில் ஏற்றி ஆடியில் இறக்கிய கணக்கு.

வேண்டிய பொருளை இரண்டு மூன்று மாசம் முன்பே பட்டியலில் போட்டு, ‘இவ்வளவுக்கு வந்தால் சொல்லு’ என்று எச்சரிக்கை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். விற்பவர் பெயர் மாறியிருக்கிறதா, டெலிவரிக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அட்டைச் சலுகை, பழைய போன் மாற்றும் சலுகை போன்றவை அநேகமாகக் கோட்டில் வராது. இன்னொன்று: இந்தக் கருவிகளில் பல இலவசம். நாம் அவற்றின் வழியாகப் போய் வாங்கினால், கடை அவற்றுக்குக் கமிஷன் தருகிறது. அதனால் ‘வாங்காதே’ என்று அவை சொல்வது அபூர்வம். வேண்டாத பொருளைப் பாதி விலைக்கு வாங்கினாலும் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கோட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2022 மே 28 முதல் அங்கே தள்ளுபடி அறிவிக்கும் கடை, முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும். தள்ளுபடி சதவீதத்தையே அந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதாவது, ஆனி விலையைக் கடையே எழுதிவைக்க வேண்டும். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள் ஆன்லைன் கடைகளின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, பணம் கட்டும் நேரத்தில் புதுக் கட்டணம் சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு. 30 நாள் கணக்கு அதில் இல்லை. அதை இப்போதைக்கு நம் போனில் இருக்கிற கருவிதான் பார்த்துக்கொள்ளணும்.

எண் இல்லாத சேலை

இனி இளம்பிள்ளைக்குத் திரும்பலாம். போனுக்கும் குக்கருக்கும் மாடல் எண் இருக்கிறது. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே பொருள். சேலைக்கு அது கிடையாது. இளம்பிள்ளை, இடங்கணசாலை, வேம்படிதாளம் பக்கத்துத் தறிகளில் ஒரு டிசைன் ஓடினால், அதே சேலையை இருபது பேர் இருபது பெயரில் ஏற்றலாம். ஒருவர் எடுத்த போட்டோவையே இன்னொருவர் போடலாம். விலை கோடு கீழே போய்விட்டால் பழைய பக்கத்தை எடுத்துவிட்டு, புது எண்ணில் புதுப் பக்கம் திறக்கலாம். பொருள் அதே. வரலாறு மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நூல் மாறினாலும் பெயர் மாறாது. பெயரில் ‘சில்க்’ இருப்பதெல்லாம் பட்டு ஆகிவிடாது, பட்டுக்கு சில்க் மார்க் என்ற முத்திரை தனியாக இருக்கிறது. இங்கே ட்ராக்கரைவிட, போட்டோவை வைத்துத் தேடும் வசதி ஓரளவு உதவும். அதே படம் எத்தனை கடையில், எத்தனை விலையில் இருக்கிறது என்றாவது தெரியும். அதற்கு மேல், இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிற பெரியம்மாதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு பொருள் பக்கத்து ஜில்லாவில் இருக்கிறது: நாமக்கல் முட்டை. ஒரு முட்டை இன்னொரு முட்டை மாதிரி. அதனால் அதற்குப் பொதுவான ஒரு விலை சொல்லமுடியும். 1982இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, வியாபாரிகள் சொன்னதுதான் விலை என்ற நிலையை மாற்றப் பார்த்தது. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை’ என்பதுதான் அவர்கள் கோஷம். அன்றிலிருந்து நாமக்கல் மண்டல முட்டை விலை பத்திரிகையில் வருகிற செய்தி. அதற்கும் கீழே வியாபாரிகள் ‘மைனஸ் ரேட்’டில் எடுத்த சண்டைகள் உண்டுதான். ஆனால் மைனஸ் என்று சொல்வதற்கே, எல்லாருக்கும் தெரிந்த ஒரு விலை முதலில் இருக்கணும். பண்ணைக்காரரிடம் அது இருக்கிறது.

தறிக்காரரிடம் அது இல்லை. பாவும் ஊடையும் கொடுத்து, சேலைக்கு இத்தனை என்று பேசிய கூலிக்கு நெய்கிறவருக்கு, அந்தச் சேலை ஆன்லைனில் என்ன விலைக்குப் போகிறது என்பது பல சமயம் துண்டுக்கு அடியில் நடக்கிற விஷயம்தான். வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் விற்பனை விலையில் தலையிடக்கூடாது என்கிறது 2019 பிப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த விதி. அப்படியானால் பெருவிற்பனை நாளில் இறங்கும் விலையை, காகிதத்தில், விற்பவர்தான் ஏற்கிறார். நூல்காரரிடம் அவர் பேரம் பேசமுடியாது, கூரியர்காரரிடமும் முடியாது. பேசமுடிகிற இடம் மிச்சம் இருப்பது கூலியில்தான். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லமுடிந்தது. இதில் சொல்லமுடியவில்லை.

இதனால் ட்ராக்கர் வேண்டாம் என்று ஆகாது. போன், வாஷிங் மெஷின், புத்தகம், குக்கர் எல்லாவற்றுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நூற்றாண்டுகளாக ஒரு பக்கம் மட்டும் இருந்த ஞாபகம் நம் பக்கமும் வந்திருக்கிறது, அதை விடக்கூடாது. ஆனால் அந்தக் கோடு விற்ற விலையின் வரலாறு மட்டுமே. கூலி நெசவு வீடுகளில் இன்னொரு வரலாறு நோட்டில் இருக்கிறது: தேதி, எத்தனை சேலை, எவ்வளவு கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது. அதற்கு எச்சரிக்கை மணி வைக்கும் செயலி கிடையாது. சேலை வாங்கும்போது “ஆனியில் என்ன விலை?” என்று கேட்பது நம் உரிமை. “நெய்ததற்கு என்ன கூலி?” என்றும் சேர்த்துக் கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிஷம் முழிப்பார். கேட்கிறவர் எண்ணிக்கை கூடினால், சீட்டில் அதற்கும் ஒருநாள் இடம் வைக்கவேண்டியிருக்கும். எம்.ஆர்.பி.யும் அப்படிக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.